உருகுதலை ஆராய்ந்த மைக்கேல் பாரடேயார்

இங்கிலாந்து தேசத்தில், இலண்டன் மாநகரின் தென்புறத்ததாகிய நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில், 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஜேம்ஸ் பாரடே என்னும் கருமானுக்கும் அவர்தம் மனைவி மார்க்கரெட்டுக்கும் மூன்றாம் மகவாகத் தோன்றியவர் மைக்கேல் பாரடே. காந்தத்தினின்று மின்சாரம் பிறப்பிக்கும் உண்மையை 1831-ஆம் ஆண்டிற் கண்டவர் என்பதனால் அவர் பெயரை உலகமறியும். நம் இல்லங்களில் விசையைத் தட்டிய அளவிலே விளக்கெரிவது அவ்வுண்மையின் பயனே. அதனைப் பலரும் எழுதியுள்ளாராதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. ஆயின் அப்பெரியார் மெழுகு, கொழுப்பு, சர்க்கரை, கர்ப்பூரம், பனிக்கட்டி, கண்ணாடி, இரும்பு என்னும் எளிய பொருள்களைக் காய்ச்சி உருக்கிப் பார்ப்பதிலே தம் வாழ்நாளின் ஒரு பகுதியைச் செலவிட்டார் என்பதைப் பலர் அறியார். தோலும் கொழுப்பும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் அன்றாடங் கண்டு வளரும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தார்க்கு அவ்வரலாற்றில் ஓர் உரிமையும் உண்டு. ஆதலின் அவர் வாழ்க்கையை அவ்வொரு வழியே நின்று கூறுவேன்.

கருமானின் குடும்பம் வறுமையில் உழன்றது. தந்தையார் நோயாளி, உலைக்களத்தில் நாள்தோறும் நின்று சம்மட்டி பிடிக்கும் வலி அவரிடம் இல்லை. தானியத்தின் விலை ஏறிய 1801-ஆம் ஆண்டில், பத்து வயதும் நிரம்பாத மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே உணவாக அளக்கப்பட்டதாம். எழுத்தும் எண்ணும் ஓரளவு பயின்றதோடு பள்ளிப்படிப்பு நின்றது. 1804-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரீபோ என்னும் புத்தக வாணிகர் கடையில் செய்தித்தாள் கொண்டு போய்க் கொடுக்கும் பையனாக அமர்ந்தான். மறுவருடம் அக்கடையிலேயே புத்தகங் கட்டுந் தொழிலுக்கு ஏழாண்டு ஒப்பந்தத்திற் சேர்க்கப்பட்டான். பையனுடைய நற்குணங் கருதி ரீபோ பணம் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை.

புத்தகங் கட்டுவோர்க்குத் தோலும் வச்சிரமும் இன்றியமையாதன. வச்சிரம் என்பது தோற்சீவல்களை நீரிலிட்டுக் காய்ச்சி எடுக்கும் பசை. ஆறினால் இறுகும், சட்டியைச் சிறிது சூடேற்றினால் மீளவும் இளகி ஓடும், எத்தனை முறை இறுக்கினும் அத்தனை முறையும் இளகும். ஏழாண்டுகள் இத்தகைய பண்டங்களிடையே கழிந்தன. அவன் கட்டிய புத்தகங்களோ அவனைக் கட்டின. மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலையும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியையும் கட்டுமுன் படித்தான். படித்ததோடு நில்லாது, கையிலுள்ள சில காசுகளுக்கு வாங்கத்தக்க பொருள்களைக் கொண்டு, நூலிற் கூறியது மெய்தானா என்று செய்து பார்த்தான். டேட்டம் என்பார் தம் வீட்டில் நிகழ்த்திய விஞ்ஞான விரிவுரைகளுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதனைத் தந்தவர் கருமானாகிய அண்ணன் ராபர்ட். தம்பியின் கல்விக்குச் சம்மட்டியால் ஈட்டிய பொருளைத் தந்த அவ்வண்ணனை வரலாறெழுதுவோர் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். அது தகாதென்பது என் கருத்து.

1812-ஆம் ஆண்டில், கடைக்கு வரும் டான்ஸ் என்னும் கனவான் ஒருவர் தயவால், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில் சர் ஹம்ப்ரி டேவியார் நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைப் பாரடே கேட்டார். கேட்டவற்றை யெல்லாம் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே கட்டடஞ் செய்து அவ்வாண்டின் இறுதியில் டேவியாருக்கு அனுப்பினார். டேவியாரோ தோல் பதனிடுந் தொழிலையும் ஆராய்ந்தவர். நம் நாட்டினின்று சென்ற காசுக்கட்டியில் துவர்ப்புச் சத்து மிகுதியாயிருத்தலையும், அது தோலைப் பதப்படுத்த வல்லதென்பதையும் 1803-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டிருந்தார். அத்தகையாரின் உதவியாளராக 1813-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பாரடே அமர்த்தப்பட்டார். மாடத்தில் இரண்டு அறைகள். வாரத்திற்கு 25 ஷில்லிங் சம்பளம். அக்கழகம் அவருக்குப் பல ஆண்டுகள் அளித்துவந்த ஊதியத்தில் பணத்தோடு நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் சேர்ந்திருந்தன.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் டேவியாருடன் ஐரோப்பியக் கண்டத்திற்குப் பயணமாயினார். டேவியாரின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவமதிப்புக்கள் பல, காட்சிகளோ அவற்றினும் பல. 1814-ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரில், பெருங் கண்ணாடிவில்லையாற் சூரிய வெப்பத்தைக் குவித்து ஒரு வைரத்தைச் சுட்டனர். வைரம் உருகவில்லை, எரிந்து மறைந்தது. கரியின் வேறுபாடே வைரம் என்பது அதனால் வலியுற்றது. அப்பயணத்திலேயே வெசூவியசு மலைமேலேறி, பாறையும் உருகி வழியும் என்பதற்குச் சான்றான எரிமலைக் குழம்பையுங் கண்டார். அவ்வெப்பத்திற்கும் உருகாதது ஒன்று, உருகும் என்று எண்ணக்கூடாதது உருகிக் கிடப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இருபத்து மூன்று வயது நிரம்புமுன் காணும் பேறு யார்க்குக் கிட்டும்?

இனித் தமிழ்நாட்டார் செவிசாய்க்க வேண்டிய பகுதிக்கு வருகின்றேன். ஐரோப்பியர் ‘ஊட்சு’ என்று வழங்கிய இந்திய எஃகு ஒன்று அக்காலத்தே புகழ்பெற்றிருந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகை ‘உக்கு’ என்பர். தமிழில் ‘உருக்கு’ என்போம். இச்சொல்லின் சிதைவே ஊட்சு என்பர் மொழிநூலார். உருக்கு என்பது ஏவல்வினையாயின் உருகச்செய் என்று பொருள்; பெயராயின் எஃகு. இரும்பை நேரே உருக்க ஏறத்தாழ 1,538 சென்டிகிரேடு பாகை வெப்பம் வேண்டும். கரியடுப்பில் அது கிட்டுதல் அரிது. நம் நாட்டுக் கொல்லரோ இரும்புத் துண்டைக் களிமண் மூசையிலிட்டு, அதனுடன் ஆவாரைக் குச்சிகளையும் பச்சிலைகளையும் வைத்து, வாயை மண்ணால் மூடி, துருத்தி கொண்டு நெடுநேரம் ஊதினர். குச்சியும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பிற் சேரச் சேர இரும்பின் உருகுநிலை தாழ்ந்தது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அது விரைவில் உருகுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: வேற்றுப்பொருள் கலந்தால் உருகுநிலை இறங்கும். மூசையை உடைத்தபோது முட்டை போன்ற உருக்குக் கட்டி வெளிப்பட்டது.

குரோம் முறை வருமுன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட உதவியதும் இவ்வாவாரையின் பட்டையே என்பதை நினைவூட்டல் வேண்டுங்கொல்? பட்டை தோலுக்கு, குச்சி இரும்புக்கு.

இவ்வுருக்கு, இலண்டனில் கத்தி முதலியன செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பாரிடம் இருந்தது. அதன் கூர்மையும் உறுதியும் எங்ஙனம் வந்தன என்று கண்டு, அதுபோற் செய்ய விரும்பிய அவர் பாரடேயாரைத் துணைக்கொண்டார். 1819-ஆம் ஆண்டில் பாரடேயார் ஊட்சினைப் பகுத்தாராய்ந்து, களிமண்ணிற் கலந்துள்ள அலுமினியத்தின் சிறுபகுதி சேர்ந்திருத்தலே அதன் சிறப்புக்குக் காரணமெனக் கருதினார். இக்கருத்துப் பிழை. சிறப்பெல்லாம் கரியின் அளவிலும், அது இரும்பினுள் பரந்து நிற்கும் முறையிலுமே உள்ளதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிரான்சிஸ் புக்கானன் என்பார் மைசூர் நாட்டிற் கண்ட செய்முறையை, மூசையிலிடும் ஆவாரைக் குச்சியின் எடை உட்பட, 1807-ஆம் ஆண்டிலேயே அச்சிட்டிருந்தார். சேலம் பக்கத்துச் செய்முறையைப் பின்னர் எழுதிய ஹீத் துரையும் ஆவாரையையே குறித்தார். விடை மூசையின் உள்ளேயே கிடந்தது. கருமான் மகனாகிய பாரடேயார், தம் தந்தையின் தொழிலுக்கே உரிய நம் நாட்டுக் கொல்லன் ஒருவனோடு ஒரு நாழிகை நேர்நின்று பேசியிருப்பாராயின் ஆராய்ச்சி வேறு வழியிற் சென்றிருக்கும் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை. அவர் ஆராய்ந்த கட்டியைச் செய்த கொல்லனின் பெயரோ ஊரோ எவ்வேட்டிலும் இல்லை.

ஆயினும் அப்பிழையினின்று பயனுள்ளதொரு முயற்சி கிளைத்தது. எஃகுடன் பிளாட்டினம், ரோடியம், நிக்கல், வெள்ளி முதலியவற்றைத் தனித்தனி சேர்த்து உருக்கிப் பார்த்தனர் இருவரும். வெள்ளியின் செயல் விந்தையானது. உருகிய நிலையில் எஃகோடு ஒன்றுபட்டதுபோற் காட்டிய வெள்ளி, ஆறும்போது வியர்வைத் துளிபோல வெளியே அரும்பி நின்றது. ஐந்நூற்றில் ஒரு பங்களவே நிலைத்துச் சேர்ந்தது. உருகியவை யெல்லாம் கலந்தனவாகா என்பதை அன்று கண்டார்.

1821-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சாராள் பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். 1823-இல் குளோரின் என்னும் நச்சுவாயுவை மூடிய வளைகுழாயில் அடைத்து நீர்மமாக்கினார். அச்சோதனைகளிற் குழாய் வெடித்துக் கண்ணிற் கண்ணாடித் துகள்கள் பாய்ந்ததும் உண்டு. 1824-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினார். அதனைத் தடுக்க முயன்றவர் டேவியாரே என்பது வருந்தத்தக்கது. 1825-இல் திமிங்கில எண்ணெய் வாயுவின் கசடினின்று பென்சீன் என்னும் பொருளைப் பிரித்தார். அப்பொருள் குளிரிற் படிகமாய் இறுகி, ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உருகும். பின் பல ஆண்டுகள் தொலைநோக்கிக்குரிய கண்ணாடியை உருக்கும் பணியில் உடல் வருந்தினார். எண்ணிய பயன் கிட்டவில்லை. எனினும் அங்ஙனம் உருக்கிய கனத்த கண்ணாடித் துண்டொன்றே, 1845-இல் காந்தம் ஒளியையும் திருப்பும் என்பதைக் காட்ட உதவிற்று.

1833-ஆம் ஆண்டின் தொடக்கம். மின்னோட்டம் செல்லும் வழியில் மெல்லிய பனிக்கட்டி ஏடு ஒன்று குறுக்கிட்டபோது மின்சாரம் முற்றும் நின்றதைப் பாரடேயார் கண்டார். பனிக்கட்டி உருகி நீரானவுடன் மின்சாரம் சென்றது. பொருள் ஒன்றே, இறுகிய நிலையில் தடுப்பது, உருகிய நிலையில் விடுகின்றது. பிறர் இதனை நீரின் இயல்பென்று கூறி அமைந்திருப்பர். பாரடேயாரோ, பிற பொருள்களும் உருகினால் இங்ஙனம் ஆமோ என்று வினவினார். வினவியதோடு நில்லாது, கையிற் கிட்டியவற்றை யெல்லாம் உருக்கத் தொடங்கினார்.

அவர் வெளியிட்ட பட்டியலைப் படிக்கும் தமிழர் வியப்புறுவர். சர்க்கரை, கர்ப்பூரம், அரக்கு, கந்தகம், தேங்காயெண்ணெயின் இறுகிய பகுதி, நாம் துணிப்பெட்டியிலிடும் அந்துருண்டைச் சரக்காகிய நாப்தலின் என, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியையும் மாடத்தையும் துழாவியது போன்ற பட்டியல் அது. இவையனைத்தும் உருகின, ஆயினும் மின்சாரத்தை விடவில்லை. வெடியுப்பும், ஈயமும் குளோரினும் சேர்ந்த உப்பும், நாம் உண்ணும் கறியுப்பும் உருகியபோது மின்சாரம் தடையின்றிச் சென்றது. அடுக்களையில் அருகருகே இரண்டு சாடிகள். இரண்டிலும் வெண்ணிறத் துகள். நாவன்றிக் கண் வேறுபடுத்த மாட்டாது. சர்க்கரை ஏறத்தாழ 186 பாகையிலும், உப்பு 801 பாகையிலும் உருகும். சர்க்கரை உருகும்போது அதன் மூலக்கூறுகள் பிளவுபடாது முழுமுழுத் துணுக்காகவே நழுவுகின்றன. உப்பு உருகும்போதோ மின்னேற்றமுடைய துகள்கள் ஒன்றையொன்று விட்டு ஓடித்திரிகின்றன. இவ்விளக்கம் பின்வந்தாரால் முழுமை பெற்றது. வழி திறந்தவர் பாரடேயார். அத்துகள்களுக்கு, ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால், கேம்பிரிட்ஜ் அறிஞர் வியூவெல் துணையுடன் 1834-இல் பெயரிட்டார். நாம் அயனி என்பது அதுவே.

இவ்விடத்துத் தமிழ் மாணவன் ஒரு சொல் கூறாதிருக்க இயலாது. பொருள்கள் வெம்மையுற்று நிலைமாறுவதற்கு நம் தாய்மார் ஒரே சொல்லை வழங்குவதில்லை. நெய் உருகும், வெல்லமும் அரக்கும் மெழுகும் முதலில் இளகும், கற்கண்டு வாயிற் கரையும். இவை வெவ்வேறு செயல்கள். பனிக்கட்டி, அந்துருண்டை முதலிய தூய பொருள்களுக்கு உருகுநிலை ஒரு கோடுபோல் நிற்கும். அதற்குக் கீழே திண்மம், மேலே நீர்மம். வெல்லம், அரக்கு, மெழுகு முதலியன பல பொருள் விரவியனவாதலின் ஓர் எல்லையில் நில்லாது, முதலிற் குழைந்து பின் ஓடும். மார்கழிக் குளிரிற் புட்டியில் இறுகிய தேங்காயெண்ணெய், ஏறத்தாழ 24 பாகையில் இளகுகின்றது; சித்திரை வெயிலில் வேலூரில் அது இறுகுவதைக் கண்டார் இலர். சாக்கலேட்டு என்னும் தின்பண்டத்தின் கொழுப்பு உடற்சூட்டிற்குச் சற்றுக் கீழே உருகுவதாதலின், நாவிலும் உருகும். பையிலிட்டு வெயிலில் நடந்தால் சட்டையிலும் உருகும். கற்கண்டோ உமிழ்நீரின்றி வாயில் வைத்திருந்தால் உருகவே உருகாது. கமர்கட்டுக்குப் பாகு காய்ச்சுவோர் ஒரு துளியை நீரிலிட்டு உருட்டிப் பதம் பார்ப்பதும், பாகிலுள்ள நீர் எவ்வளவு வற்றியது, சூடு எவ்வளவு ஏறியது என்று விரலால் அளப்பதேயாம். பதம் தவறிச் சர்க்கரை மேலும் காய்ந்தால் உருகுதலோடு சிதைவுந் தொடங்கிப் பழுப்பேறிக் கசக்கும். வெண்ணெயை உருக்கிப் பின் இறுக்குவதுபோல அதனை மீட்க இயலாது.

இத்தகைய எளிய பொருள்களைச் சிறுவர்க்கு விளக்குவதிற் பாரடேயாருக்கிருந்த விருப்பம் பெரிது. கிறிஸ்துமஸ் காலத்தில் இளைஞர்க்கு விரிவுரை நிகழ்த்தும் வழக்கம் அக்கழகத்தில் 1820-களில் தொடங்கியது; பத்தொன்பது முறை அவரே நிகழ்த்தினார். அவற்றுள் தலைசிறந்தது 1860-ஆம் ஆண்டு இறுதியில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், ஒரு மெழுகுவர்த்தியை மேசைமேலேற்றி வைத்து நிகழ்த்திய ஆறு விரிவுரைகள். வில்லியம் குரூக்சு என்பார் அவற்றைத் தொகுத்து 1861-இல் நூலாக்கினார்.

மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தியாகும் முறையை அதிற் கூறுகின்றார். கொழுப்பைச் சுண்ணாம்புடன் கொதிக்கவைத்து, பின் கந்தகத் திராவகத்தாற் சுண்ணாம்பைப் பிரித்து, எண்ணெய்ப்பகுதியை அழுத்திப் பிழிந்தால், பிசுபிசுப்பில்லாத வெண்மையான ஸ்டீரின் எஞ்சும். செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஆராய்ச்சியாற் கிடைத்த முறை இது. தோற்சாலைகளிலே பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியிலிட்டு மயிர் போக்கி, உட்புறத்துக் கொழுப்பையும் சவ்வையும் சீவி ஒதுக்குவதைக் கண்ட நம்மவர்க்கு, அவ்விரு சரக்கும் சேர்ந்து ஆலயத்து மெழுகுவர்த்தியாதல் புதிராகத் தோன்றாது.

பின் சுடரைக் காட்டுகின்றார். வெப்பத்தால் மேலெழும் காற்று வர்த்தியின் வெளிப்புறத்தைத் தழுவிக் குளிர்விப்பதால், ஓரம் உருகாது நின்று, நடுப்பகுதி மட்டும் உருகிக் கிண்ணம்போற் குழிகின்றது. அக்கிண்ணத்தில் தேங்கிய மெழுகு திரியின் நுண்துளைகள் வழியே ஏறி, ஆவியாகி, அதன்பின்னரே எரிகின்றது. திண்மம், நீர்மம், ஆவி என்னும் மூன்று நிலையும் ஒரு விரற்கடை அளவில் அடங்குகின்றன. அணைத்தவுடன் எழும் வெண்புகையே அவ்வாவி. சிறிது தொலைவிலிருந்து தீக்குச்சியை அப்புகையிற் காட்டினால் சுடர் புகை வழியே ஓடித் திரியைப் பற்றும். அழகுக்காக வரிவரியாய்க் குடைந்து செய்த வர்த்திகள் நன்றாக எரியாமைக்குக் காரணமும் கூறினார்: ஓரம் ஒழுங்காயில்லாமையாற் கிண்ணம் உடைந்து மெழுகு வழிந்துவிடும். திருநாளில் விலைமிக்க வண்ண வர்த்திகளை வாங்குவோர் இதனைத் தாமே கண்டிருப்பர்.

அரசாங்கம் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. 1857-இல் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சார்ந்து, அதன் மூப்பராகவும் இருந்தார். வயது ஏற ஏற நினைவு தளர்ந்தது. தாம் செய்த சோதனைகளையே மறந்து மீண்டும் செய்யத் தொடங்குவார் என்பர். அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு இல்லத்தில், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய கல்லொன்றின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேலான பின், அவர் பெயர் பொறித்த பழைய மரப்பெட்டி ஒன்று ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டது. உள்ளே சிறிய எஃகுத் துண்டுகள் 79 இருந்தன. ஊட்சினைக் கண்டபின் ஸ்டோடர்ட்டுடன் இளமையில் உருக்கிய கலப்புலோகங்கள் அவை. சர் ராபர்ட் ஹாட்பீல்டு என்னும் எஃகு வல்லுநர் அவற்றை அறுத்தும் அளந்தும் ஆராய்ந்து 1931-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சில துண்டுகளிற் பிளாட்டினமும், சிலவற்றில் ரோடியமும் இருந்தன.